பழைய கணினியும் புதிய விசைப்பலகையும்

பம்பாய் என்று நெடுங்காலம் வழங்கிய மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், செம்பூருக்கு அடுத்து, தேவ்நார் என்னும் பகுதி அமைந்துள்ளது. அப்பெயரைக் கேட்டவுடன் நகரத்தார் பலருக்கு நினைவில் எழுவது, 1927ஆம் ஆண்டு முதல் நகரின் கழிவுகளைத் தாங்கி வந்த பெரிய குப்பைமேடேயாகும். ஆயினும், டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வந்து நிலைபெற்ற இடமும் இதே தேவ்நார்தான். மக்கள் வாழ்வை ஆராய்ந்து ஏட்டில் பதிக்கும் நிலையம் ஒரு பக்கம். மக்கள் வேண்டாவென்று எறிந்தவை குவியும் மேடு மற்றொரு பக்கம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அடுக்குமாடி வீடொன்றில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியிலிருந்து நம் வரலாறு தொடங்குகிறது.

அவ்வீட்டில் வாழும் பெரியவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் தாராவிக்கு வந்தவர். தட்டச்சுக் கற்று, கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1990களின் நடுவில் தம் சேமிப்பைக் கொண்டு ஒரு கணினி வாங்கினார். தாராவியில் தம் தெருவில் வாழ்ந்த மூத்தோரிடம் சென்று, அவர்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் புறப்பட்டனர், இரயில் நிலையத்தில் யார் வந்து எதிர்கொண்டார், தோல் பதனிடும் பட்டறையில் முதல் வாரக் கூலி எவ்வளவு, மழைக்காலத்தில் எங்கே தங்கினர் என்பனவற்றைக் கேட்டு, இரவில் வீட்டுக்கு வந்து கணினியில் தமிழில் அடித்து வைத்தார். சொன்னவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் சொன்ன சொல் மட்டும் அந்தக் கணினியில் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்து ஈரத்தில் அக்கணினியின் விசைப்பலகை பழுதாயிற்று. பெரியவரின் மகன் கடைக்குச் சென்று புதியதொன்று வாங்கி வந்தார். அதன் தட்டையான யூ.எஸ்.பி. முனை பழைய கணினியின் வட்டத் துளையில் பொருந்தாது என்பதால், கடைக்காரர் இரண்டு சிறு அடாப்டர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக் கொடுத்திருந்தார். துளையில் அது செம்மையாகப் பொருந்தியது. ஆயினும் கணினியை இயக்கியவுடன் திரையில் தோன்றிய அறிவிப்பு, விசைப்பலகையில் பிழை உள்ளதென்றும், தொடர்வதற்கு எப்1 விசையை அழுத்துமாறும் கூறியது. விசைப்பலகை இல்லை என்று சொல்லும் அதே வாயால் விசையை அழுத்தச் சொல்லும் இந்த விந்தையைக் கண்டு நகைத்தவர் உலகில் பலர். பெரியவருக்கு நகைப்பு வரவில்லை. மகனோ, “முப்பது ஆண்டுப் பழைய பெட்டி, அப்பா. இனித் தூக்கிப் போட்டுவிடலாம்” என்றார். தூக்கிப் போடுவதற்குரிய மேடு தொலைவில் இல்லை. அந்நிலையில்தான் நாம் அழைக்கப்பெற்றோம்.

பொருந்திய சாவி பூட்டைத் திறவாதது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, விசைப்பலகை என்னும் கருவி கடந்துவந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கில எழுத்துகள் இன்றைய விசைப்பலகையில் அமைந்துள்ள வரிசை, அமெரிக்க நாட்டில் ஷோல்ஸ் என்பாரும் அவர் தோழர்களும் உருவாக்கி, 1874ஆம் ஆண்டில் ரெமிங்டன் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த தட்டச்சுப் பொறியிலிருந்து வழிவழியாக வந்ததாகும். அதில் ஒரு விசையை அழுத்தினால் ஒரு கம்பி எழும்பி, மைநாடாவின்மேல் மோதி, காகிதத்தில் ஓர் எழுத்தைப் பதிக்கும். கைவிரலுக்கும் எழுத்துக்கும் இடையே இருந்தது இரும்பு ஒன்றே. விசை இங்கே, எழுத்து அங்கே. நடுவில் மொழிபெயர்ப்பார் எவரும் இல்லை.

தமிழுக்கு இத்தகைய பொறியை அமைப்பது எளிதாக இருக்கவில்லை. ஆய்தத்தையும் சேர்த்து நம் எழுத்துகள் 247. பொறியில் இடம்பெறக்கூடிய விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டில் பிறந்து, மலாயா சென்று சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா ஆவார். பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்கச் சென்ற ஒரு தமிழர், அயல்நாட்டில் இருந்துகொண்டு, தாய்மொழிக்கு ஒரு பொறியை வகுத்தார் என்பதை வெளிமாநிலங்களில் வாழும் நாம் சிறப்பாக நினைவிற் கொள்ளலாம். அவர் வகுத்த அமைப்பின்படி ஜெர்மனி நாட்டில் பொறிகள் செய்யப்பெற்றுத் தமிழுலகிற்கு வந்து சேர்ந்தன.

தமிழ்த் தட்டச்சின் நுட்பம் நகரா விசையில் உள்ளது. புள்ளிக்குரிய விசையை அழுத்தினால் புள்ளி பதியும். ஆனால் காகிதம் தாங்கிய உருளை நகராது. அடுத்து மெய்க்குரிய எழுத்தை அழுத்தினால் அது அப்புள்ளியின் கீழேயே பதிந்து, உருளை ஓரிடம் நகரும். ஆகவே, நாம் ஏட்டில் எழுதும்போது எழுத்துக்குப் பின் இடும் புள்ளியை, தட்டச்சாளர் எழுத்துக்கு முன்னரே இட்டுப் பழகினார். கொம்பும் அவ்வாறே, கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி எழுத்துக்கு முன் அடிக்கப்பெற்றது. இடக்கையின் நான்கு விரல்களும் தங்கும் ‘யளனக’ என்னும் வரிசையைத் தட்டச்சுப் பள்ளியில் முதற்பாடமாக ஓதாத மாணவர் தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டார்.

பம்பாய்த் தமிழரின் வாழ்வில் தட்டச்சுப் பொறிக்குத் தனியிடம் உண்டு. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, பெட்டியும் படுக்கையுமாய் இரயிலேறி வந்து, மாதுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் நடத்திய இளைஞர் எண்ணற்றோர். அவர்தம் மக்களின் கல்விக்கென 1932ஆம் ஆண்டில் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. அலுவலகப் பணிகளில் தென்னிந்தியர் மிகுந்துவிட்டனர் என்னும் குறைகூறல் 1960களில் இந்நகரின் அரசியலாகவே உருவெடுத்ததையும், அன்று பலர் அஞ்சி வாழ்ந்ததையும் மூத்தோர் அறிவர். அந்தப் பொறியும் இந்நகரத்துக்குப் புதியதன்று. தேவ்நாருக்கு வடக்கே விக்ரோலியில் கோத்ரெஜ் நிறுவனத்தார் 1955ஆம் ஆண்டில் இந்தியத் தட்டச்சுப் பொறியை உருவாக்கத் தொடங்கினர். அந்நிறுவனத்தின் உற்பத்தி 2009ஆம் ஆண்டில்தான் நின்றது. கணினி யுகத்துக்குள் நெடுந்தொலைவு வந்த பின்னும் அப்பொறி நம்மிடையே உயிர் வாழ்ந்தது எனலாம்.

இதே மாநகரில்தான் நாட்டின் முதற் கணினிகளுள் ஒன்றும் பிறந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த அறிஞர் ஆர். நரசிம்மனின் தலைமையில் உருவாகி 1960ஆம் ஆண்டில் முழுமையாக இயங்கத் தொடங்கிய அக்கணினிக்கு, 1962ஆம் ஆண்டில் ‘டிஃப்ராக்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அதற்குச் செய்தியைச் சொல்வதென்றால், துளையிட்ட காகித நாடாவில் பதிந்து உள்ளே செலுத்த வேண்டும். மேசைமீது வைத்து விரலால் தட்டிப் பேசும் கணினி இல்லந்தோறும் புகுந்தது அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்துத்தான்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் சிறு கணினியை வெளியிட்டனர். 83 விசைகள் கொண்ட அதன் பலகை, ஐந்து முள் உடைய வட்டப் பிளக்கால் கணினியோடு இணைந்தது. இங்கேதான் பெரிய மாற்றம் நேர்ந்தது. தட்டச்சுப் பொறியில் விசை எழுத்தை அனுப்பியது. கணினியிலோ விசை எழுத்தை அனுப்புவதில்லை. ‘இன்ன எண்ணுடைய விசை அழுந்தியது’, ‘இன்ன எண்ணுடைய விசை விடுபட்டது’ என்று மட்டுமே அது சொல்லும். அந்த எண்ணுக்கு என்ன எழுத்து என்பதை முடிவு செய்வது கணினியினுள் உள்ள நிரல். விரலுக்கும் எழுத்துக்கும் இடையே முதன்முறையாக ஒரு மொழி புகுந்தது.

மொழி புகுந்தால் மொழிமாற்றமும் புகும் அன்றோ? மூன்றாண்டுகளில், 1984இல், ஐ.பி.எம். நிறுவனத்தாரே ஏ.டி. என்னும் புதிய கணினியை வெளியிட்டபோது விசைப்பலகையின் மொழியை மாற்றிவிட்டனர். முந்தைய பலகை, எக்ஸ்.டி. வகை என்று பின்னர் பெயர் பெற்றது. அதில் ‘ஏ’ என்னும் ஆங்கில விசைக்குரிய எண் 30. ஏ.டி. வகையிலோ அதே விசைக்கு எண் 28. பழைய மொழியில் 28 என்றால் அது ‘என்டர்’ விசையைக் குறிக்கும்! எண்கள் மாறியதோடு நில்லாமல், அவை கம்பியில் பயணம் செய்யும் முறையும் மாறிற்று. பழைய பலகை பேசும், கணினி கேட்கும். புதிய பலகையோ, கணினி இடும் ஆணையையும் கேட்டு, விளக்கை ஏற்று என்றால் ஏற்றியது. இத்தனையும் மாறிய பின் மாறாதிருந்தது ஒன்றே. அந்த ஐந்து முள் வட்டப் பிளக்கு. ஆகவே எக்ஸ்.டி. பலகை ஏ.டி. கணினியில் அழகாகப் பொருந்தும்; ஆனால் ஒரு சொல்லும் புரியாது.

முன்பு எழுதிய நிரல்கள் எல்லாம் பழைய எண்களையே எதிர்பார்த்தன. அவை வீணாகாதபடி, ஏ.டி. கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லை அமைத்தனர். புதிய பலகை சொல்லும் 28ஐக் கேட்டு, உள்ளே 30 என்று மாற்றிச் சொல்வது அதன் பணி. சென்னைப் பட்டணத்து வரலாற்றைக் கற்றோர், கும்பினியாருக்கும் உள்நாட்டு வணிகருக்கும் இடையே நின்று இரு மொழியும் பேசிய துபாஷிகளை அறிவர். அச்சில்லு ஒரு துபாஷியே. பின்னர் 1987ஆம் ஆண்டில் ஆறு முள் கொண்ட சிறிய வட்டப் பிளக்கு வந்தது. அதைப் பி.எஸ்.2 என்பர். அதில் பிளக்கின் வடிவம் மாறிற்றே தவிர, மொழி மாறவில்லை. ஆகவே ஐந்து முள்ளுக்கும் ஆறு முள்ளுக்கும் இடையே வெறும் கம்பிகளாலான அடாப்டர் போதுமானதாயிற்று.

1996ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறை வகுக்கப்பெற்றது. விசைப்பலகை, அச்சுப்பொறி, நினைவகம் ஆகிய யாவும் ஒரே வகைத் துளையில் பொருந்த வேண்டும் என்பது அதன் நோக்கம். அதன் ஒழுக்கமே வேறு. பழைய பலகை, விசை அழுந்தியவுடன் தானாகவே குரல் கொடுக்கும். யூ.எஸ்.பி. பலகையோ, கணினி வினவினால் அன்றி வாய் திறவாது. கணினிதான் நொடிக்குப் பலமுறை, ‘செய்தி உண்டா, செய்தி உண்டா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ‘ஏ’ விசைக்கு அதன் மொழியில் எண் 4.

இப்போது தேவ்நார் வீட்டில் நிகழ்ந்தது நமக்கு விளங்குகிறது. புதிய பலகை, தன்னை யாரேனும் வினவுவார்கள் என்று காத்திருந்தது. பழைய கணினி, பலகை தானாகவே பேசும் என்று காத்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து மௌனமாக இருக்க, நடுவே இருந்த இரண்டு அடாப்டர்களும் கம்பியைக் கம்பியோடு சேர்த்தனவே அன்றி மொழியைப் பெயர்க்கவில்லை. சில விசைப்பலகைகள் இரு மொழியும் அறிந்தவையாகச் செய்யப்பெற்றன. பச்சை அல்லது ஊதா நிறத்து அடாப்டர் அத்தகையவற்றுக்கே உரியது. பின்னாளில் வந்த பலகைகள் பல ஒரு மொழியே அறிந்தவை. அவற்றுக்கு உள்ளே சில்லு உடைய மாற்றி வேண்டும். வெறும் அடாப்டர் உதவாது.

நாம் லாமிங்டன் சாலைக்குச் சென்றோம். வானொலி உறுப்புகள் விற்ற காலத்திலிருந்து மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெரு அது. அங்கே பழைய பொருள்களின் குவியலில், ஐந்து முள் பிளக்கு உடைய விசைப்பலகை ஒன்று, நிறம் மங்கிக் கிடந்தது. மகிழ்ந்து வாங்கி வந்து, கணினியை நிறுத்திய பின்னரே அதை மாட்டினோம். இவ்வகைப் பிளக்கை மின்சாரம் ஓடும்போது மாட்டுதலும் கழற்றுதலும் தகா. தாய்ப்பலகையில் உள்ள காப்பிழை எரிந்துபோக நேரும். முட்கள் வளையாமல் நிமிர்ந்திருக்கின்றனவா என்றும் நோக்கினோம். பின்னர் விசையைத் தட்டினால், மீண்டும் அதே அறிவிப்பு!

பெரியவரின் முகம் வாடிற்று. நாமும் சற்றே சோர்ந்துதான் போனோம். ஒன்றைப் பின்னர் கவனித்தோம். நல்ல ஏ.டி. பலகையாயின், கணினி இயங்கத் தொடங்கும்போது அதன் மேல்மூலையில் உள்ள மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைதல் வேண்டும். தன்னைத் தானே சோதித்துக்கொண்டு நலம் என்று அது தெரிவிக்கும் முறை அது. இங்கே விளக்கு மின்னவில்லை. பலகையைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில், அழுக்கு மூடிய ஒரு சிறு மாற்றுவிசை. ஒரு பக்கம் ‘எக்ஸ்’, மறுபக்கம் ‘ஏ’. இருவகைக் கணினிக்கும் உதவுமாறு 1980களின் பிற்பகுதியில் பல நிறுவனத்தார் அவ்வாறு செய்தனர். நம் பலகை எக்ஸ்.டி. மொழியில் நின்றுகொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, நகத்தால் அதை ‘ஏ’ பக்கம் நகர்த்தி, மீண்டும் இயக்கினோம். மூன்று விளக்குகளும் மின்னின.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். விரல்கள் ‘யளனக’வில் போய்த் தாமாகவே தங்கின. “பெட்டி சாகவில்லை ஐயா, வாய்தான் அடைத்திருந்தது” என்றார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் தமிழர்க்கு இன்னுமொரு பூட்டு உண்டு. பலகையும் கணினியும் பேசிக்கொண்ட பின்னும், ‘இந்த விசைக்கு எந்தத் தமிழெழுத்து’ என்பது தனி வழக்கு. அதற்குரிய தீர்ப்புகள் பல.

முதலாவது, தட்டச்சுப் பொறியின் வரிசை. பொறியில் பழகியோர் கணினியிலும் அதையே வேண்டினர். இரண்டாவது, இந்திய மின்னணுத்துறை 1986ஆம் ஆண்டில் வகுத்த இன்ஸ்கிரிப்ட் முறை; ஒரே ஒலிக்கு எல்லா இந்திய எழுத்துகளிலும் ஒரே இடம் என்பது அதன் கோட்பாடு. மராத்தியர் தம் ககரத்தை அழுத்தும் விசையே தமிழரின் ககரத்துக்கும் உரியது. மூன்றாவது, 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மெய்யை அடித்து அடுத்து உயிரை அடித்தால் உயிர்மெய் தோன்றும். இதனால் விளைவது யாது? ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த ஒரே விசை, தட்டச்சு முறையில் காலும், இன்ஸ்கிரிப்டில் பகரமும், தமிழ்99இல் ககரமும் ஆகிறது. பலகை மாறவில்லை, பொருள் மும்முறை மாறிற்று. புதிய கணினியில் தமிழ் தவறாக வருகிறதே என்று கவலுறுவோர், பலகையைப் பழிக்குமுன், எந்த முறை தெரிவு செய்யப்பெற்றுள்ளது என்பதை நோக்குதல் நலம்.

விசைக்கு அப்பால், எழுதியதைச் சேமிக்கும் முறையிலும் குழப்பம் இருந்தது. 1990களில் வழங்கிய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினி என்னும் புகழ்பெற்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினி நினைவில் வைப்பது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் ஆங்கிலக் குறிகளையே. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் கூட்டமாகத் தெரியும். டிஸ்கி, டாம், டாப் என்று வேறு வேறு முறைகளும் வழங்கின. உலக எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்தது எனினும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது விண்டோஸ் கணினிகளில் பயன்படலாயிற்று. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் அதைத் தரமாக ஏற்றது.

பெரியவர் அடித்தவை யாவும் இத்தகைய பழைய எழுத்துருவில் அடித்தவை. அவற்றைப் பிளாப்பித் தகடுகளில் படியெடுத்தோம். 1.44 மெகாபைட் கொள்ளும் தகடு. முப்பதுக்கு மேற்பட்டோரின் வாழ்க்கை இரண்டு தகடுகளுக்குள் அடங்கிற்று! யூ.எஸ்.பி. வழியாக இணையும் பிளாப்பிக் கருவியைக் கொண்டு புதிய கணினியில் திறந்தபோது, எதிர்பார்த்தபடியே ஆங்கிலக் குறிகளின் காடு தோன்றிற்று. மகன் திகைத்தார், அழிந்துவிட்டது என்றே நினைத்தார். அழியவில்லை. எந்த எழுத்துருவில் அடித்தது என்பது தெரிந்தால், குறிக்குக் குறி மாற்றி யூனிகோடாக்கும் நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆகவே அந்த எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு வருவது, உரையைக் கொண்டுவருவதற்கு ஒப்பான பணி.

மாற்றிய பின்னும் மனிதக் கண் தேவை. தட்டச்சுப் பழக்கத்தில் ஔகாரக் குறிக்குத் தனி விசையின்றி, கொம்பு, எழுத்து, ளகரம் என்று அடித்தனர். தாளில் அது ‘கௌரவம்’ என்றே தோன்றும். கணினியோ ‘கெ’ என்றும் ‘ள’ என்றும் பிரித்தே கொள்ளும். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும், பின்னர் அச்சொல்லைத் தேடினால் கிடைக்காது. அத்தகைய இடங்களைப் பெரியவரே ஒவ்வொன்றாகத் திருத்தினார். நான்கு வார மாலைகள் அதற்குச் செலவாயின.

அவருடைய பேத்தி மராத்தியும் ஆங்கிலமும் கற்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதுவே நிலை. யூனிகோடில் இந்திய எழுத்துகளின் தொகுதிகள் இன்ஸ்கிரிப்டுக்குத் துணையான பழைய இந்தியத் தரத்தைத் தழுவி அமைந்தவை. ஆதலின், ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்தையும் சுழி என்று கொண்டு எண்ணினால், நாகரிக் ககரமும் தமிழ்க் ககரமும் தத்தம் தொகுதியில் 21ஆம் இடத்திலேயே உள்ளன. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தெழுதுவது கணினிக்கு எளிது. அவ்வாறு நாகரியில் பெயர்த்த முதற் பக்கத்தை அச்சிட்டுப் பேத்தியின் கையில் கொடுத்தோம்.

சிறுமி உரக்கப் படித்தாள். ‘வண்டி’ என்னும் சொல் வந்தவுடன், நாகரியில் கண்டபடியே ‘பட்டு’ என்பதில் உள்ள வல்லோசையோடு ஒலித்தாள். தாத்தா திருத்தினார். ‘தங்கி’ என்பதிலும் அவ்வாறே நேர்ந்தது, மீண்டும் திருத்தினார். ஒரே எழுத்து இடத்துக்கேற்ப வன்மையும் மென்மையும் கொள்ளும் தமிழ்மரபு, நாகரி எழுத்தில் அகப்படுவதில்லை. மூன்றாம் பக்கத்தில் அவளே நிறுத்தி, “தாத்தா, இதைத் தமிழிலேயே எப்படி எழுதியிருக்கிறீர்கள்? காட்டுங்கள்” என்றாள்.

அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. உங்கள் வீட்டுப் பரணிலோ, சங்கத்து அறையிலோ பழைய கணினி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். அதில் உறுப்பினர் பட்டியலோ, விழா மலரோ, பெற்றோர் அடித்த கடிதங்களோ இருக்கக்கூடும். விசைப்பலகை பழுதானால் கணினியே பழுதென்று முடிவு கட்ட வேண்டா. முதலில் பிளக்கின் முட்களை எண்ணுங்கள். ஐந்தாயினும் ஆறாயினும், அதற்கென்றே செய்த பழைய பலகையைத் தேடுங்கள். கிடையாவிடின், சில்லு உடைய மாற்றியைக் கேட்டு வாங்குங்கள். பலகையின் அடியில் மாற்றுவிசை உண்டா என்று பாருங்கள். சுட்டிக்குரிய பச்சைத் துளையில் பலகையை மாட்டிவிட்டோமா என்றும் நோக்குங்கள். யூ.எஸ்.பி. துளையுள்ள பழைய கணினியாயின், பயாஸ் அமைப்பில் யூ.எஸ்.பி. விசைப்பலகைக்கு இசைவு தரப்பட்டுள்ளதா என்பதை, ஒரு வட்டப் பிளக்குப் பலகையைத் தற்காலிகமாக மாட்டிச் சரிபாருங்கள். ஒன்றும் இயலாதாயின், வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தேனும் உரையை மீட்கலாம். மீட்டபின் எழுத்துருவின் பெயரைக் குறித்து, யூனிகோடாக மாற்றி, இரண்டு இடங்களில் வையுங்கள். மீட்கும்வரை அப்பெட்டியைப் பழைய பொருள் வாங்குவோரிடம் தர வேண்டா.

தேவ்நார் வீட்டில் அந்த நிறம் மங்கிய பலகை, துணி போர்த்தப்பட்டு, மேசைமீது இன்னும் இருக்கிறது. புதிய கணினி பக்கத்திலேயே உள்ளது. எனினும் பெரியவர் பழையதில்தான் அடிக்கிறார். தம் தெருவார் அனைவரைப் பற்றியும் எழுதியவர், தாம் எந்த இரயிலில், யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பதை இதுகாறும் எழுதவில்லையாம். அந்தப் பக்கத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.